விசிலுக்கு நஷ்டஈடு

அப்பா பெயின்டர். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே ஒரு பழைய பாட்டைச் சுருதி சேராமல் விசிலடிப்பார். அதைக் கேட்டுத்தான் அம்மா டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒருநாள் சாரம் சரிந்து விழுந்து அவர் தாடை உடைந்தது.

வழக்குப் பேச வந்த வக்கீல், "ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாள் சம்பளம், பட்ட வலி எல்லாத்துக்கும் நஷ்டஈடு கேட்கலாம்" என்றார்.

"அவரு விசிலு போச்சே, அதுக்கு?" என்றாள் அம்மா. நாங்கள் சிரித்துவிட்டோம்.

வக்கீல் சிரிக்கவில்லை. "வாழ்க்கையில இருந்த சந்தோஷம் போனதுக்கும் தனியா கேட்கலாம்மா."

நஷ்டஈடு கிடைத்ததும் அந்தப் பணத்தில் அப்பா முதலில் வாங்கியது வாசலுக்கு ஒரு காலிங்பெல். பையில் சாவி இருந்தாலும், அந்தப் பாட்டின் தாளத்தில் அதை அழுத்துவார். அம்மா அடுப்படிக்கு ஓடுவாள். கதவைத் திறக்க நாங்கள்தான் போக வேண்டும்.