பத்தாவது பிள்ளை

ஊரார் அவருக்கு இட்ட பெயர் ஐஸ்காரர். தோளில் குறுக்காகத் தொங்கும் நீலப் பெட்டியைக் கண்டு, குச்சி ஐஸ் கிடைக்கும் என்று பின்னால் ஓடிய பிள்ளைகள் வைத்த பெயர் அது. பெட்டியில் இருப்பது ஊசி மருந்து என்று தெரிந்தபின் அதே பிள்ளைகள் கதவிடுக்கில் ஒளிந்தார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிடங்கிலிருந்து ஊசி போடும் இடங்களுக்குத் தடுப்பு மருந்தைச் சுமப்பதே அவர் தொழில். காற்றுக்கு அஞ்சி விளக்கை உள்ளங்கையால் மறைத்துச் செல்வாரைப் போல, வெயிலுக்கு அஞ்சி நிழல் பார்த்து நடப்பார். அவர் தோளில் ஒரு குப்பியும் கெட்டதில்லை.

தட்டம்மை மருந்து பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குப்பி. திறந்து நீர் கலந்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஆகவே பத்துத் தலை சேராத இடத்தில் குப்பியைத் திறக்கலாகாது என்பது கிடங்குப் பொறுப்பாளரின் கட்டளை. கடைத்தெருவிலுள்ள ஊசி அறையில் இதனால் ஒரு குறையும் இல்லை. ஒன்பது பேர் வந்திருந்தால், நர்ஸ் சன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுப்பாள். எதிர்வீட்டிலிருந்து பத்தாவது பிள்ளை வந்து நிற்கும்.

மலைமேல் கல்குவாரிக் கூலிகள் குடியிருக்கும் வரிசையில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் பாறைதான். தகரம் வேய்ந்த பன்னிரண்டு அறைகள். ஆறோ ஏழோ பிள்ளைகள். "பத்துப் பேர் சேரட்டும்" என்பாள் நர்ஸ். மூடிய பெட்டி மூடியபடியே மலையிறங்கும். நான்கு ஆண்டுகளாக இதே கதை. ஊருக்கு வரலாமென்றால், கல் லாரி ஆளேற்றுவது ஞாயிறு மட்டும். ஞாயிறு ஊசி அறை பூட்டியிருக்கும்.

அந்த வரிசையின் ஏழாம் அறையில் அவருடைய தங்கை குடியிருந்தாள். அவள் மகளுக்கு மூன்று வயது. வீட்டில் அழைப்பது சிட்டு. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து சுமந்த மாமன், தன் தங்கை மகளுக்கு ஒரு துளி கொடுக்க வழியின்றி நின்றார். போன மாதம் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார்: "எப்படியாவது பத்து பேர சேத்து வைம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அந்தச் சொல்லை அவள் சிரமேற்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, பெட்டியில் பனிக்கட்டி அடுக்கும்போது கிடங்கில் பேச்சு அடிபட்டது. ஏரிக்கு அப்பாலுள்ள குடியிருப்பில் தட்டம்மை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டார்களாம். அங்கும் பத்துப் பேர் சேர்ந்ததே இல்லை. ஐஸ்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு நர்ஸுடன் மலையேறினார்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெற்றி.

"எண்ணிப் பாருண்ணே! இன்னைக்கு மட்டும் பெட்டிய மூடிக்கிட்டு எறங்குனீங்க, கால ஒடைச்சிருவேன்."

ஏழாம் அறைக்குள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவதாக இருந்த சிறுமியை அவர் அறியார். வாசல் வெளிச்சத்துக்குக் கூசி, சிட்டுவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"இது யாரு?"

"எரவல் பிள்ளைண்ணே" என்று தங்கை சிரித்தாள். "ஒம்போதோட நின்னு போச்சு. ஏரிக்கு அந்தப் பக்கம் எங்க நாத்தனார் இருக்காள்ல, அவ மக. லாரியில கூட்டியாந்தோம்."

நர்ஸ் சிறுமியின் மோவாயை நிமிர்த்தினாள். கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தன. காதுக்குப் பின்னால், மயிரோரத்தில், செந்நிறப் புள்ளிகள்.

"சும்மா சளிதான் சிஸ்டர்" என்றாள் தங்கை. குரலில் சிரிப்பு இல்லை.

"இவளுக்கு இப்ப போடக் கூடாது. வெளிய தனியா படுக்க வையுங்க."

சிறுமியைத் தூக்கிப் போனார்கள். நர்ஸ் எஞ்சியவர்களைப் பார்த்தாள். போன ஆண்டு ஒரு குப்பியை வீணாக்கியதற்கு எழுத்தில் விளக்கம் கொடுத்தவள் அவள்.

"ஒம்போதுதான் இருக்கு, ஐஸ்காரரே" என்றாள் மெல்ல.

அவள் கை பழக்கத்தால் பெட்டியின் மூடியை இறுக்கப் போயிற்று. மருந்தைச் சுமப்பவன் மருந்தைத் தொடலாகாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் தொட்டதில்லை. அன்று பெட்டியைத் திறந்து, உள்ளே கைவிட்டு ஒரு குப்பியை எடுத்தார். கட்டைவிரலால் அதன் மூடியைத் தெறித்தார். மூடி தரையில் விழுந்து உருண்டது.

"தொறந்தாச்சு சிஸ்டர். எழுதிக் கேட்டா என் பேரச் சொல்லுங்க."

நர்ஸ் நீர் கலந்தாள், ஊசியில் ஏற்றினாள். முதலில் சிட்டுவின் கையைப் பற்றினார் ஐஸ்காரர். ஊசி இறங்குமுன் நர்ஸ் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு எப்ப வந்தா? நோய் ஒட்டுன மூணு நாளுக்குள்ள போட்டா தடுத்துரும்."

தங்கை விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஐஸ்காரருக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. லாரி ஆளேற்றும் நாளை அவர் அறிவார்.

"ஞாயித்துக்கெழம சிஸ்டர், நாலு நாளாச்சு" என்றாள் தங்கை. "வந்ததுலேருந்து சிட்டு கூட ஒரே பாயிலதான்."

நர்ஸ் தலை குனிந்து ஊசியைப் போட்டாள். சிட்டு அழவில்லை. மாமனைப் பார்த்து ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். பிறகு வாசல் வெளிச்சத்துக்குக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.