கொலைகாரர் யாரென்று சொன்னேன்

டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சின்னப் புத்தகக் கடையில் மாதம் ஒருமுறை துப்பறியும் நாவல் வாசகர் கூட்டம் நடக்கும். பாதி நாவலை மட்டும் படித்துவிட்டு வந்து கொலைகாரரை ஊகிக்க வேண்டும். நான் திருட்டுத்தனமாகக் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிட்டுப் போய், "டாக்டர்தான்" என்றேன். கடைக்காரர் விடையைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது, என் காரில் வரும் பக்கத்து வீட்டு சரோஜா ஆன்ட்டி கேட்டார்: "எப்படிப்பா கண்டுபிடிச்ச? நான் ரெண்டு தடவ படிச்சும் பிடிபடலையே!"

"டாக்டர் பேச்சுலயே க்ளூ இருந்துச்சு ஆன்ட்டி" என்று அளந்துவிட்டேன்.

சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாவலில் டாக்டர் பேசும் வரிகளில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் மூளை மழுங்கிடுச்சு போல" என்றார்.

வீடு சேரும்வரை உண்மையைச் சொல்ல நேரமிருந்தது. அந்தக் கைதட்டலை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.