அதிகாரி குடித்த தண்ணீர்

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பாறைக்குழி இருக்கிறது. கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளத்தை எங்களுக்கு விட்டுப் போய்விட்டார்கள். பெருமாநல்லூர்ப் பக்கம் அப்படி எத்தனையோ குழிகள். திருப்பூர்க் குப்பைக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போனபோது லாரிகள் அந்தக் குழிகளைத் தேடி வரத் தொடங்கின. எங்கள் தெருவுக்கு லாரிக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. "குழி அறிவியல் முறைப்படி நிரப்பப்படும். நிலத்தடி நீருக்குப் பாதிப்பு ஏதும் இல்லை. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை."

அதுவரை யாரும் அச்சப்பட்டிருக்கவில்லை. ஆட்டோ போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடிய காலத்திலும் இதே வாசகத்தைக் கேட்டவள் நான். நாம் கேட்காமலே ஒருவர் வந்து பயப்படாதே என்று சொன்னால், பயப்பட வேண்டியது எதுவோ அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படும்.

பக்கத்து லைன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் தைக்கிறாள். இடுப்பில் எப்போதும் அவள் சின்ன மகள் இருப்பாள். பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது.

"அக்கா, இவுக பேச்சு அயர்ன் பண்ணி மடிச்சு பாலிபேக்ல போட்ட பனியன் மாதிரியில்ல இருக்கு! ஒரு சுருக்கமில்ல. நம்ம போட்டுப் பாத்தாத்தானே எங்க கிழிஞ்சிருக்குன்னு தெரியும்?"

சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு கிணறு உண்டு. சுற்றுவட்டாரத்தில் எங்கே போர் போட்டாலும் உப்புக் கரிக்கும். எங்கள் கிணறு மட்டும் கரிக்காது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தெருவில் பாதிப்பேர் குடத்தோடு வருவார்கள். வாசலில் யார் கால் வைத்தாலும், வந்த காரியத்தைக் கேட்கும் முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிடுவோம்.

குழி பாதி நிறைந்த சமயம் பெரிய மழை பெய்தது. அதற்குப் பிறகு, உலை வைத்தால் ஒரு வாடை எழுந்தது. ரப்பர் கருகினாற்போல. குளிர்ந்த தண்ணீரில் வாடையும் இல்லை, நிறமும் இல்லை. காய்ச்சினால்தான் வரும். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். எதையும் அளந்து பார்த்தே நம்புகிறவர். "உனக்குப் பயத்துல மூக்கு நீண்டு போச்சு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மகளை அழைத்து வந்தோம். தலைப்பிரசவம். தூரத்து ஊரான கொமரலிங்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, கட்டுச்சோற்றோடு ஊரறியக் கூட்டி வந்த பெண். அவளுக்கென்று கேன் தண்ணீர் வாங்கி வைத்தேன். "இதைத்தான் குடிக்கோணும் கண்ணு, கெணத்துப் பக்கம் போயிறாதே" என்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்வேன். கம்பெனியில் செக்கிங் மேஜையில் பழுது தேடித் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தாலும், மனசெல்லாம் அவள் வயிற்றிலேயே கிடக்கும்.

ஒருநாள் தெருக்காரர்கள் சேர்ந்து லாரியை மறித்தார்கள். அடுத்த வாரம் ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது, பணிவான மனிதர். கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். தூய்மையான நகரம், பசுமையான எதிர்காலம், மக்களின் ஒத்துழைப்பு. யாரோ பின்னாலிருந்து, "ஏனுங்க சார், அந்தப் பசுமை உங்க ஊட்டுப் பக்கம் கொஞ்சம் வேண்டாமுங்களா?" என்று கேட்க, அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்க எங்கள் கிணற்றுக்கு வந்தார். தெருவே பின்னால் வந்தது.

"வாங்க சார், உக்காருங்க" என்றவள், உள்ளே போய்ப் பானையில் சொம்பை முக்கிக்கொண்டு வந்து நீட்டிவிட்டேன். முப்பது வருஷப் பழக்கம். கைக்கு யோசிக்கத் தெரியவில்லை. அவர் சொம்பைத் தொட்ட பிறகுதான் அது கிணற்றுத் தண்ணீர் என்று உறைத்தது. வந்தவர் கையிலிருந்து சொம்பைப் பிடுங்குவது எப்படி?

குடிக்கமாட்டார் என்று நினைத்தேன். இந்த மாதிரி ஆட்கள் காரில் பாட்டில் வைத்திருப்பார்கள் அல்லவா? அவர் அண்ணாந்து, மடமடவென்று முழுச் சொம்பையும் குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"அருமையான தண்ணிங்கம்மா. இதுக்கா பயப்படறீங்க?"

"காய்ச்சிப் பாருங்க சார், அப்பத்தான் வாடை..."

"லேப்ல எல்லாம் பாத்துருவாங்கம்மா. கவலைப்படாதீங்க."

நடிப்பில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். சொன்னதை முழுக்க நம்புகிறவரின் கண். பொய் சொல்கிறவராக இருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பொய் சொல்கிறவருக்கு உண்மை தெரியும், என்றைக்காவது சொல்லிவிடலாம். நம்புகிறவரிடம் என்ன பேசுவது?

அப்போது என் மகள் கதவோரத்திலிருந்து சொன்னாள்: "பாத்தீங்களாம்மா, சாரே குடிக்கறாரு. நானும்தான் குடிக்கறேன், எனக்கு மட்டும் பாடம் எடுக்கறீங்க."

அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தேன். அப்புறம் கேட்டேன்.

"எப்பயிருந்து அம்முணி குடிக்கறே?"

"வந்ததுலிருந்தேதான். கேன் தண்ணி பிளாஸ்டிக் நாத்தம். பொறந்ததுலிருந்து இந்தத் தண்ணிதானே குடிச்சேன்?"

அன்று சாயங்காலமே தெரு மாறிவிட்டது. வாடைக்குப் பயந்து கொஞ்ச நாளாக வராத குடங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. "சாரே குடிச்சுட்டாருங்க" என்பதே பேச்சு. ஒரு சொம்பு குடித்துவிட்டு ஊருக்குப் போகிறவருக்கு என்ன ஆகும்? தினம் குடிக்கிறவள் வயிற்றில் ஒன்றையும் சேர்த்து வளர்க்கிறாளே. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

"புள்ளை அதுக்குக் காத்துக்கிட்டிருக்குமுங்களா?"



மறுநாள் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டேன். பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொள்ளச் சொல்ல நாக்கு கூசியது. தலைப்பிரசவத்தைத் தாய்வீடு பார்ப்பதுதான் எங்களில் முறை. அதை விட்டுக்கொடுத்த வீடென்று எங்கள் பெயர் அடிபடும்.

"என்னுங்க, புள்ளைகூட ஏதாச்சும் சண்டையா?" என்றார் அவர்.

"இல்லீங்க. எங்கூட்டுத் தண்ணியக் கண்டா எனக்குப் பயமா இருக்குதுங்க."

"நாளைக்கே காரோட வர்றோமுங்க" என்று மட்டும் சொன்னார்.

மகள் அழுதாள். "ஊர்ல சிரிப்பாங்கம்மா. அம்மாவூட்ல ஒரு மாசம் வெச்சுப் பாக்க வக்கில்லைன்னு சொல்லுவாங்க" என்றாள். சொல்லட்டும் என்றேன். அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். இத்தனை நாள் உள்ளே போனதை எந்தக் காரில் ஏற்றித் திருப்பி அனுப்புவது என்ற கேள்வியை அவளிடம் சொல்லவில்லை.

கார் வந்தது. மகள் என் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள். கார் கிளம்பியதும் தேனிப் பெண் கையில் குடமும் இடுப்பில் தன் சின்ன மகளுமாக வந்து நின்றாள்.

"என்னக்கா, பிள்ள கோவிச்சுக்கிட்டுப் போகுதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஊருக்கும் அதுதான் லேசு.

"நாந்தான் அனுப்பி வெச்சேன் கண்ணு. இந்தத் தண்ணியக் குடிச்சா வயித்துப் புள்ளைக்கு என்ன ஆகுமோன்னு பயந்து."

அவள் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"அப்ப இவள நான் எங்கக்கா அனுப்புறது?"