ஆயம்மா ஊதிய விசில்

லொறியில் மூட்டை கட்டும் நீல நைலோன் கயிறு அது. பிள்ளைக் காம்பரா ஆயம்மா அதில் வரிசையாக வளையங்கள் முடிந்து, பிஞ்சுக் கைகள் உராயாதபடி பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார். நாங்கள் கொழுந்தெடுக்கப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அந்தக் காம்பராவுக்கு நேர் மேலே, தேயிலை மலையில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. பார்க்க வந்த அதிகாரிகள் அபாயம் என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். “பலகையப் பாத்து மலை நின்னுருமா?” என்று கேட்ட ஆயம்மா, லிந்துலை டவுனுக்குப் போய்க் கயிறும் விசிலும் வாங்கி வந்தார். மழையை அளக்க முற்றத்தில் ஒரு ஜாம் போத்தலை வைத்தார். கைக்குழந்தைகள் இருவரை முன்னும் பின்னும் கட்டிக்கொள்ளச் சேலையில் தூளி தைத்தார்.

விசில் ஊதினால் பிள்ளைகள் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்து, மேட்டிலிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு நடக்க வேண்டும். தூறலிலும் அந்தப் பயிற்சி நடந்தது. என் மகளுக்கு அது விளையாட்டு. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கோ எரிச்சல். பிள்ளைகள் நனைகிறார்கள் என்று ஒருநாள் எல்லோர் முன்னும் சத்தம்போட்டார். ஆயம்மா தலைகுனியவில்லை. “நனைஞ்சா தொடச்சுக்கலாங்கய்யா. மண்ணுக்குள்ள போனா எதத் தொடைக்கிறது?”

விடாமழை பெய்த ஒரு காலையில் போத்தல் நிரம்பி வழிந்தது. மலை ஊற்றிலிருந்து எப்போதும் தெளிவாக விழும் பீலிக் குழாய்த் தண்ணீர் செம்மண்ணாக விழுந்தது. மலையில் நின்ற எங்களுக்கு விசில் கேட்டது. கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினோம். காம்பரா வாசலை மறித்து நின்ற கண்டாக்கையா, “தொரகிட்ட கேக்காம யாரும் வெளிய போகக்கூடாது!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“நீங்க கேட்டுட்டு வாங்க. நாங்க கோயில்ல இருக்கோம்” என்று சொல்லி, மார்பிலும் முதுகிலும் குழந்தைகளோடு அவரை விலக்கிக்கொண்டு நடந்தார் ஆயம்மா. பின்னால் கயிற்றைப் பிடித்தபடி எங்கள் பிள்ளைகள். கண்டாக்கையாவும் கடைசியில் தள்ளாடிய ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கோயிலில் மகளை வாரியெடுத்தபோது கீழே மலை உறுமியது. மரங்கள் நின்றபடியே நகர்ந்தன. காம்பராவின் பின்சுவரை உடைத்துக்கொண்டு சேறு உள்ளே நிறைந்தது. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை.

மழை ஓய்ந்ததும் தோட்ட நிர்வாகம் அதே இடத்தில் சுவரெழுப்பிச் சாவியை நீட்டியது. ஆயம்மா வாங்கவில்லை. கோயில் மண்டபத்திலேயே தூளிகளைக் கட்டினார். வேலை போய்விடும் என்று மிரட்டினார்கள். மறுநாள் காலையிலிருந்து, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு நாங்கள் ஒருத்தியும் போகவில்லை. மலையில் கொழுந்து முற்றியது. அடுப்பில் வெறும் தேத்தண்ணிதான் கொதித்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றோம். கடைசியில், உறுதியான மேட்டில் புதுக் காம்பரா கட்டச் சம்மதித்தார்கள்.

திறப்பு விழாவில் ஆயம்மாவுக்கு மாலை போட்டு, நன்றியாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். கீழே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளைக் கையால் காட்டினார்.

“புள்ளைங்க பகல்ல இங்க இருப்பாங்க. சாயங்காலம் அங்கதான போறாங்க? அந்த வீடுகள எப்பங்க மாத்துவீங்க?”

மேடையில் இருந்தவர்கள் அடுத்தவரைப் பேச அழைத்தார்கள். ஆயம்மா உட்காரவில்லை. பாய்களில் இருந்த நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றோம்.