கஞ்சி போடாத சட்டை

அப்பா பிறந்தது காஜா பெராங் என்ற ஊரில், எங்கள் டோபி கடையின் பின்னறையில். சென்ற ஆண்டு கண்ணை மூடியதும் அதே அறையில்தான். இடையில் எத்தனை முறை விழுந்து எழுந்தார் என்பது அவருக்கே தெரியாது. ஜூடோ ஆடுகிறவருக்கு விழுவதில் வெட்கமில்லை என்பார். ஓராண்டு ஓடிவிட்ட இந்த நேரத்தில், அவர் முதல் முறை விழுந்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

அது போரில் ஜப்பான்காரர் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். பெரியப்பா துவைப்பார்; பதினெட்டு வயது அப்பா இஸ்திரி போடுவார். அரிசி கிடைக்காமல் வீடே மரவள்ளிக்கிழங்கைத் தின்றது. சட்டைகளுக்கும் அதே கிழங்கு மாவில்தான் கஞ்சி. போருக்கு முன்பே எங்கள் பக்கம் பல் வைத்தியம் பார்த்து வந்த ஒரு ஜப்பானியர், கொட்டகை ஒன்றில் ஜூடோ சங்கம் தொடங்கியிருந்தார். அங்கிருந்து தடித்த வெள்ளைச் சட்டைகள் ஒரு மூட்டை சலவைக்கு வந்தன. அப்பா அவற்றுக்கு நன்றாகக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜூடோவில் எதிராளியின் சட்டையைப் பிடித்துத்தான் தூக்கிப் போட வேண்டும். அட்டை மாதிரி விறைத்த சட்டையை யார் பிடிப்பது? பல் வைத்தியர் ஒரு சட்டையை அப்பாவுக்கே மாட்டினார். பிடித்துப் பார்த்தார், சிரித்தார், தூக்கிப் போட்டார். வைக்கோல் திணித்த சாக்கு மெத்தையில் மல்லாந்து கிடந்த அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். மறுநாள் சாயங்காலமே சங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

சங்கத்துக்குள் நுழையும்போது குனிந்து வணங்க வேண்டும். தெருமுனையில் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்கும் அப்படித்தான். பெரியப்பா ஒருநாள் துணி மூட்டையோடு, குனியாமல் அந்தச் சிப்பாயைக் கடந்து போனார். கன்னத்தில் அறைந்து, லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா பல் வைத்தியரிடம் ஓடிக் கெஞ்சினார். அவராலும் ஒன்றும் ஆகவில்லை.

போர் முடிந்து பெரியப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கொடியில் அப்பாவின் ஜூடோ சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னுமா இத வச்சிருக்க? அவனுங்களுக்குக் குனிஞ்ச முதுகுடா உனக்கு."

அதன்பிறகும் அண்ணனும் தம்பியும் ஒரே கடையில்தான் உழைத்தார்கள், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றார்கள். ஜூடோவைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது.

அப்பா அம்மாவைக் கைப்பிடித்தார். எங்கள் மூவரையும் அந்த இஸ்திரிப் பெட்டிதான் வளர்த்தது. ஆனால் ஜூடோவை அவரால் விட முடியவில்லை. அது என்ன பைத்தியமோ! கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் சொந்தமாக ஒரு சங்கம் வைத்தார். அங்கே ஒரே ஒரு வித்தியாசம்: யாரும் குனியக் கூடாது, கைகுலுக்கினால் போதும். அண்ணன் மனம் நோகக் கூடாது என்று அப்பா செய்த ஏற்பாடு அது.

பின்னாளில் பெரியப்பாவின் பேத்தி மல்லிகாவும் வந்து சேர்ந்தாள். பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் அவளுக்கு முதல் போட்டி. எதிரே நின்ற பெண் குனிந்து வணங்கினாள். எங்கள் மல்லிகா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மண்டபமே சிரித்தது. நடுவர் அதட்டினார். பாவம், அழுதுகொண்டே ஆடித் தோற்றாள்.

மறுநாள் பெரியப்பா முதல் முறையாகக் கிடங்கு வாசலில் வந்து நின்றார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏன்டா, என் பேத்திக்கு வணக்கம் வைக்கக்கூடவா சொல்லித் தரல?"

"உனக்குப் பிடிக்காதேண்ணே."

"அந்தச் சிப்பாய் என்னை அடிச்சுக் குனியச் சொன்னான். இது நம்மகூட ஆடுற பிள்ளைக்குக் குடுக்குற மரியாத. ரெண்டும் ஒண்ணாடா, மடையா? நாப்பது வருஷத்துல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீயும் சொல்லியிருக்கலாம்லண்ணே?"

இருவரும் சிரித்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். அன்று மாலையே எங்கள் சங்கத்தில் பிள்ளைகள் குனிந்து வணங்கிவிட்டு ஆடினார்கள்.

கடைசி மாதங்களில் அப்பாவால் எழ முடியவில்லை. அவருடைய மாணவர்கள் முறைவைத்து வந்து, அவரைப் பூப்போலத் தூக்கிக் குளிப்பாட்டினார்கள். அவர்களுக்கும், வீடு தேடி வந்த மருத்துவருக்கும், அடுப்பு மூட்ட விடாமல் எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

இறுதிச் சடங்கன்று அப்பாவுக்குப் போர்த்த அவருடைய ஜூடோ சட்டையை எடுத்து வந்தேன். டோபி வீட்டுப் பெண் அல்லவா, பழக்க தோஷத்தில் கஞ்சி போட்டுத் தொலைத்திருந்தேன். பெரியப்பா அதை வாங்கி, கழுத்துப் பட்டையை இரண்டு கைகளாலும் கசக்கிக் கசக்கி மெதுவாக்கினார்.

"கஞ்சி போட்டா பிடிக்க வராதும்மா. அவன் சொல்லுவான்."

சட்டையை விரித்துப் போர்த்தினார். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, தம்பியின் காலடியில் நின்று இடுப்பு வரை குனிந்தார். நிமிர வெகுநேரமாயிற்று. நாங்கள் யாரும் கைகொடுக்கப் போகவில்லை.