பூமியை விட்டுவிட்ட கெங்கம்மாள்

கும்மிடிப்பூண்டித் தெருக்களில் வாய் திறக்காமல் மீன் விற்ற ஒரே ஆள் கெங்கம்மாளாகத்தான் இருக்கும். பழவேற்காட்டிலிருந்து கூடையோடு முதல் பஸ்ஸில் வருவாள். கூவ வெட்கம். வாசலில் நின்று, யாராவது எட்டிப் பார்க்கமாட்டார்களா என்று காத்திருப்பாள். பூனைகள்தான் முதலில் எட்டிப் பார்க்கும். பாதி மீன் அவளோடு ஊருக்கே திரும்பிவிடும்.

"அக்கா, நீ மீனை விக்கல. மீனுக்கு ஊரைச் சுத்திக் காட்டிக்கினு கீற" என்பாள், கூடவே கூடை சுமக்கும் குப்பாயி.

புதிதாக வந்த ஒரு கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா தேவை என்று எழுபத்தைந்தாம் வருஷம் சேதி கொண்டுவந்ததும் குப்பாயிதான். குழந்தைகளிடம் கெங்கம்மாளுக்கு வெட்கம் கிடையாது. வேலை கிடைத்தால் கூடையை இறக்கிவிடலாம். கிடைக்காவிட்டால் பூனைகளுக்குக் கொண்டாட்டம். ஆறாவதோடு நின்ற படிப்பை நம்பாமல் அவள் நவக்கிரகங்களை நம்பினாள். சனிக்கிழமை தவறாமல் ஒன்பது சுற்று.

அதனால்தான் அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்க உட்கார்ந்திருந்த ஆபீசர் துளசிராமன், "புள்ளைங்க கேட்டா சொல்லணும்ல. கிரகம் எத்தனைம்மா?" என்றதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஒம்பது சார்."

"பரவாயில்லியே! பேரு?"

சூரியன், சந்திரன் என்று தொடங்கி ராகு, கேது வரை மூச்சுவிடாமல் சொன்னாள். ஆயுசில் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. அந்தக் குரலை மீனுக்குக் கொடுத்திருந்தால் மாடி வீடே கட்டியிருக்கலாம்.

அந்தக் காலப் பாடப் புத்தகத்திலும் கிரகம் ஒன்பதுதான். துளசிராமன் சிரித்துவிட்டார். "எண்ணிக்கை சரி. ஆனா நிக்கிற பூமியை உட்டுட்டீங்களேம்மா!"

கெங்கம்மாள் குனிந்து தரையைப் பார்த்தாள். அங்கேதான் இருந்தது.

"சூரியனைச் சுத்தி வர்றதுதான் கிரகம். சூரியன் நட்சத்திரம். நிலா பூமியைச் சுத்துது, அதனால அதுவும் கிரகமில்ல. ராகு கேதுன்னு வானத்துல உருண்டையே கிடையாது."

நாலு சாமிகள் ஒரே மூச்சில் போனார்கள். கூடவே வேலையும் போயிற்று என்று எழுந்தவள் அப்படியே போயிருக்கலாம். இத்தனை வருஷம் பேசாமல் பார்த்துவைத்த ஒன்று தொண்டையை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"சார், கோயில்லயும் சூரியன்தான் நடுவுல நிக்கிறாரு. மத்த சாமிங்க சுத்தி நிக்கிறாங்க. ஆனா யாரும் நகர்றதில்ல. சுத்திக்கினு வர்றது நான்தான். உங்க கணக்குல அப்ப நான்தான் கிரகமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துளசிராமன் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஆறு பேர் தப்பில்லாம ஒப்பிச்சாங்கம்மா. திருப்பிக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். புள்ளைங்களும் இப்படித்தான் கேக்கும். திங்கக்கிழமை வந்துடுங்க."

ஆறு பேருக்குச் சரியான பதிலுக்குக் கிடைக்காத வேலை அவளுக்குத் தப்பான பதிலுக்குக் கிடைத்தது. வெளியே சொல்லிக்கொள்ளும்படியான கெட்டிக்காரத்தனம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது சுற்று முடித்து நின்றாள். கொஞ்சம் யோசித்து, விட்டுப்போன பூமிக்கென்று இன்னொரு சுற்றும் வந்தாள்.

"இன்னாக்கா, பத்தாவது சுத்திக்கினு கீற? கணக்கு உட்டுட்டியா?" என்றாள் கூட வந்திருந்த குப்பாயி.

விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா குப்பாயி" என்றாள் கெங்கம்மாள்.