சில்லுக்குள் வைத்த சுறா எண்ணெய்

செல்வராணியின் சாவுக்குக் காரணம் நான். ஊர் சொல்வது போல அவளுடைய புருஷன் அருளப்பு இல்லை. நான்!

இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்ற துணிவில் உங்களிடம் சொல்கிறேன்... முகம் பார்த்துப் பேச எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வாகனங்களுக்கு அடியில் படுத்தே வளர்ந்தவன் நான். அங்கே யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

ஓலைத்தொடுவாயில் என் கராஜ். அருளப்பு என் சிறுவயதுக் கூட்டாளி. பழைய கார் ஒன்றை வைத்து, ஆட்களை ஏற்றி ஹயர் ஓடினான். ஆள் கிடைக்காத நாளில் அதைக் கடற்கரைக்குள் இறக்கி மீன் பெட்டி ஏற்றுவான். அலை வந்து காரின் சக்கரங்களை நனைக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் என்ன செய்யும்? ஒருநாள் முன் சில்லு இரையத் தொடங்கியது. என்னிடம் கொண்டுவந்தான்.

சில்லுப் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஸ்பனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றும் அசையவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கொரு கைமருந்து உண்டு. வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெய். அதைப் போல்ட்டுகளின் மேல் ஊற்றி ஊறவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக இளகிக் கழன்றன. அருளப்பு பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்தான்.

“செத்த சுறாகூட வேலை செய்யுது மச்சான். நீ உயிரோட இருந்தும் ஒரு வார்த்தை கதைக்கிறியில்லை!”

அதுவரை பிழையில்லை. பிழை அதற்குப் பிறகுதான்.

அவன் தேத்தண்ணீர் குடிக்கப் போனபோது, அச்சில் சில்லைச் சுழலவிடுகிற பெயாரிங்கைக் கழற்றினேன். குண்டுகளில் உப்புத் தின்ற புள்ளிகள். புதியது போட வேண்டும். இல்லையென்றால் நன்றாகக் கழுவி, நல்ல கிறீஸாவது நிறைய வைக்க வேண்டும். ஆனால் அது எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலம். மன்னார்க் கடைகளில் இரண்டும் இல்லை. “கார் ஓடக்கூடாது, பொறு” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை... அவன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டின்னின் அடியில் கிடந்த பழைய கிறீஸைச் சுரண்டினேன். போதவில்லை. சுறா எண்ணெயை அதில் ஊற்றிக் குழைத்து, பெயாரிங்குக்குள் வைத்து மூடினேன்.

இறுகிய போல்ட்டை இளக்குகிற எண்ணெய், சுழன்று சூடாகிற பெயாரிங்கில் காய்ந்து பிசினாகிவிடும். எனக்குத் தெரியாதா? தெரியும்! கொஞ்ச நாள் தாங்கும், அதற்குள் கிறீஸ் வந்துவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

சில நாட்கள் கார் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் அருளப்பு கராஜ் வாசலில் நிறுத்திக் கூப்பிட்டான்.

“மச்சான், காருக்குள்ள சுறாக் கறி கொதிக்கிற வாசம்! ஊர்ச்சனம் சோத்துக் கோப்பையோட வந்து ஏறப்போகுது.”

பக்கத்தில் இருந்த செல்வராணி, “இவருக்கு எப்பவும் சாப்பாட்டு நினைப்புத்தான் அண்ணை. பயப்பிட ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டாள்.

போல்ட்டில் ஊற்றிய எண்ணெய் மணக்கிறது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரிந்தது. சில்லு சூடேறுகிறது! கழற்றிப் பார்க்க வேண்டும்! வாய்வரை வந்தது...

“ஒண்டுமில்லைத் தங்கச்சி, போகப் போகச் சரிவரும்” என்றேன். அவர்களோடு சேர்ந்து சிரித்தும் விட்டேன்.

அந்த ஞாயிறு வங்காலையில், செல்வராணியின் தங்கையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். இருவரும் காரில் போனார்கள். மன்னார்ப் பாலம் தாண்டி, வங்காலைத் தெருவில் அந்த முன் சில்லு இறுகி நின்றது. கார் உப்பு வெளிக்குள் புரண்டது. அருளப்பு கை முறிந்து பிழைத்தான். செல்வராணி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

பொலிஸ் என்னைக் கூட்டிப்போய்க் காரைக் காட்டிக் கேட்டது. “விழுந்த அடியில் சில்லு நெளிந்திருக்கிறது” என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். காரை என்னிடம் இழுத்து வந்தபோது பெயாரிங் கருநீலமாக வெந்து, அச்சோடு ஒட்டிப்போயிருந்தது. உளி வைத்து அடித்து உடைத்தேன். கடலில் எறிந்தேன்.

அருளப்பு முன்பு கள்ளுக் குடித்தவன். மகள் ஜெனிற்றா பிறந்தபோது மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து, அடியோடு விட்டவன். ஊர் அதை மறந்துவிட்டது. “திரும்பக் குடிச்சிருக்கிறான். பெண்சாதியைச் சாகடிச்சுப்போட்டான்” என்றது. ஜெனிற்றாவும் அதையே நம்பினாள். வங்காலையில் சித்தி வீட்டோடு போய்விட்டாள். தகப்பனோடு பேச்சில்லை.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன், மற்றவர்களின் சில்லுகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு...

இப்போது ஜெனிற்றாவுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். கோயிலுக்குள் தன்னைக் கைபிடித்துக் கூட்டிப் போகச் சித்தப்பா போதும், அப்பா வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். அருளப்பு என்னிடம் வந்தான்.

“நீ ஒருக்கா வந்து சொல்லு மச்சான், நான் அண்டைக்குக் குடிக்கேல்லை எண்டு. நீ சொன்னா நம்புவாள். நீ பொய் சொல்லாத ஆள்.”

கேட்டீர்களா? அதிகம் பேசாதவன் பொய்யும் பேசமாட்டான் என்று மனிதர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்!

போனேன். இந்தமுறை சொல்லிவிடுவேன் என்று சத்தியமாக நினைத்துத்தான் போனேன். ஜெனிற்றா எனக்குக் கதிரை போட்டாள். தகப்பனுக்குப் போடவில்லை. அவன் வாசலிலேயே நின்றான்.

“கொப்பர் அண்டைக்குக் குடிக்கேல்லைப் பிள்ளை” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

“அப்ப ஏன் மாமா கார் பிரண்டது?”

எவ்வளவு சின்னக் கேள்வி! ஒரே ஒரு வசனம் சொன்னால் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் கிடைப்பான். வாசலில் அருளப்பு மூச்சு விடாமல் நின்றான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?”

அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு வரவில்லை.

திரும்பும் வழியில் அருளப்பு என் தோளில் கை வைத்தான்.

“நீ வந்ததே பெரிய காரியம் மச்சான். ஊரில நீ ஒருத்தனாவது என்னை நம்புறாய்.”

கலியாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் அருளப்பு அன்றைக்குப் போட ஒரு வெள்ளைச் சேட்டு வாங்கி வைத்திருக்கிறான். நான் பேச வேண்டியது ஜெனிற்றாவிடம்... உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.